கழிவு போக எத்தனை?



இன்று பொதுக்காலத்தின் 17-ஆம் ஞாயிறு. தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளும் இன்றுதான். ஆண்டவர் இயேசுவின் தாத்தா பாட்டியான புனித சுவக்கின், அன்னா விழா ஜூலை 26-இல் வருகிறது அல்லவா? அதையொட்டி ஜூலை மாத நான்காம் ஞாயிறை முதியோருக்கென்று ஒதுக்கி, 2021-இல் இந்த நாளைத் தொடங்கி வைத்தார் திருத்தந்தை பிரான்சிஸ். 2024-ஆம் ஆண்டுக்கு அவர் தேர்ந்தெடுத்தது 71-ஆம் திருப்பாடலின் மன்றாட்டு. வயதாகி வலுவிழந்த நாளில் தன்னை ஒதுக்கிவிட வேண்டாம் என்று கடவுளிடம் கெஞ்சும் ஒரு முதியவரின் குரல் அது.

கெஞ்சல் என்று சொன்னோம். நாம் முதியோரைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் கெஞ்சலைக் கேட்பதில்லை. "ஆண்டவர் செய்த நன்மைகளை எண்ணிப் பாருங்கள்" என்று அறிவுரை சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் சொன்னோம், போன மாதம், ஒரு லைன் வீட்டில்.

குன்னூர் மலைப்பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். ஆண்டுதோறும் செய்கிற வீடு சந்திப்புக்காக உபதேசியாரும் அன்பியப் பொறுப்பாளர்களுமாகச் சென்றிருந்தோம். சாரலும் காற்றுமாக இருந்தது. வரிசையில் கடைசி வீடு. முன்னால் நான்கு கம்பு நட்டுப் பந்தல் போட்டு மேராக்காய்க் கொடி படர விட்டிருந்தார்கள். உள்ளே அந்த அம்மா ஒரு நெகிழிப் பையில் இருந்த தாள்களை எல்லாம் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜூலை 31-ஆம் தேதியோடு வேலையிலிருந்து ஓய்வு. வயது 58. 18 வயதில் பேர் பதிந்தவர், 40 வருடம் கொழுந்து எடுத்தவர்.

தண்ணீர் தெளித்து மந்திரித்தோம். பிறகு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னோம்: "நாற்பது வருசம் கடவுள் கைவிடாம நடத்திட்டு வந்திருக்காரும்மா. அவர் செஞ்ச நன்மையை எண்ணிப் பாருங்க. பத்து விரல் பத்தாது."

அந்த அம்மா சிரித்தார். "எண்ணிட்டுத்தான் சாமி இருக்கேன். கழிவு போக எத்தனைன்னு பாக்குறேன்" என்றார்.

கழிவு என்றால் என்ன என்று தோட்டத்து மக்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. நகரத்தில் இருந்து கேட்பவர்களுக்காகச் சொல்கிறோம். கொழுந்தை எடை போடும்போது கூடைக்கோ சாக்குக்கோ ஓர் எடையைக் கழிப்பார்கள். மழைநாளில் இலையில் நிற்கும் ஈரத்துக்கும் கழிப்பார்கள். முதுகு ஒடியச் சுமந்து வந்த கிலோ வேறு, கணக்கில் ஏறும் கிலோ வேறு. 40 வருடம் தினமும் அந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்தவரிடம் போய், எண்ணிப் பாருங்கள் என்று நாங்கள் பாடம் நடத்தியிருக்கிறோம்! உபதேசியார் எங்களைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

பிறகு அவரே எண்ணிக் காட்டினார். நாங்கள் உட்கார்ந்து கேட்டோம்.

அவர் பிறந்தது 1966-இல், இலங்கை மலைநாட்டில், இதைப் போன்ற ஒரு லயத்தில். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1964 அக்டோபர் 30-இல், சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி இருந்தது. அங்கிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்றுக்கொள்வது என்று முடிவு. மீதி 1,50,000 பேரை என்ன செய்வது என்பதைத் தள்ளி வைத்தார்கள். 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதரை எண்ணிப் பிரித்த கணக்கு அது. யாரையும் கேட்டுப் பிரித்த கணக்கு அல்ல.

எட்டு வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினார் அந்த அம்மா. மண்டபம் முகாம். பிறகு ரயில். பிறகு இந்த மலை. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்கென்றே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் நம் மாவட்டத்தில் தொடங்கியதும், அதுவே பின்னாளில் டேன்டீ ஆனதும் உங்களுக்குத் தெரியும். அங்கே இடம் கிடைக்காதவர்கள் தனியார் தோட்டங்களில் சேர்ந்தார்கள். அவருடைய அப்பா அப்படிச் சேர்ந்தவர். "இங்க வந்து மொத ராத்திரி குளிர்ல தூங்கல சாமி. பக்கத்து வீட்டு ஆயா ஒரு கம்பளியைக் கொண்டாந்து போட்டாங்க. அதை ஒண்ணுன்னு வச்சேன்" என்றார்.

ஒன்று, கம்பளி. இரண்டு, இதே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் உயிரோடு இருப்பது. மூன்று, கணவர் குடியை விட்ட பிறகு இருந்த ஆறு வருடம். நான்கு, வீட்டிலிருந்து பார்த்தால் கோயில் மணிக்கூண்டு தெரிவது. ஐந்து, மே மாதம் காந்தல் குருசடித் திருவிழாவுக்கு எந்த வருடமும் போகத் தவறாதது. ஆறு, மேராக்காய்க் கொடி. ஏழாவதாக அவர் சொன்னதை வானொலியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொல்ல மாட்டோம்.

"இவ்வளவும் ஒரு தட்டுல வச்சா நெறையத்தான் இருக்கு. கழிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் சாமி. வீடு."

இல்லத்தரசிகளே, ஊழியர்களே, ஓய்வு என்றால் நமக்கெல்லாம் வீட்டுக்குத் திரும்புவது. தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வு என்றால் வீட்டை விட்டு வெளியேறுவது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு தரச் சொன்னது, நல்ல சட்டம்தான். ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் பேர் பதிந்தால் அந்தக் கூரை தொடரும். அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், மகள் கட்டிக் கொடுத்த இடத்தில். மகன் கூப்பிடுகிறார். அங்கே ஒரே அறையில் நான்கு பேர், வெயில் வேறு. "அந்தப் புள்ளைக்குப் பாரமா இருக்க மாட்டேன்" என்கிறார்.

பணம்? ஒவ்வொரு வருட வேலைக்கும் 15 நாள் கூலி என்பது பணிக்கொடைச் சட்டத்தின் கணக்கு. 40 வருடத்துக்கு 600 நாள் கூலி. வைப்புநிதிப் பணம் தனி. 1995-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி 58 வயதிலிருந்து மாத ஓய்வூதியமும் உண்டு. அதன் குறைந்தபட்சத் தொகையை 2014-இல் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். இவருக்கு அதைவிடக் கூடுதலாகவே வரும். ஆனாலும் வாடகை கொடுத்துவிட்டால் அடுப்பு எரிய மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இப்போது இன்றைய நற்செய்திக்கு வருவோம். யோவான் 6-ஆம் அதிகாரம். வாசகத்தைக் கேட்டிருப்பீர்கள், முழுக்க முழுக்க எண்கள்தான். கூட்டத்தைப் பார்த்ததும் பிலிப்பு கணக்குப் போடுகிறார்: இருநூறு தெனாரியம் இருந்தாலும் ஆளுக்கு ஒரு துண்டு தேறாது. தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி. பிலிப்பின் கணக்கும் நாள் கூலிக் கணக்குத்தான், பணிக்கொடைக் கணக்கைப் போல. அது தப்பான கணக்கு அல்ல. ஆண்டவர் அதைத் தப்பு என்று சொல்லவும் இல்லை. அந்திரேயா இன்னொரு கணக்குச் சொல்கிறார்: ஒரு சிறுவன், ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன். சொல்லிவிட்டு அவரே கழிவும் போட்டுவிடுகிறார், இத்தனை பேருக்கு இது எந்த மூலைக்கு என்று.

ஆண்டவர் எப்போது நன்றி சொன்னார் என்பதைக் கவனியுங்கள். பன்னிரண்டு கூடை மிஞ்சிய பிறகா? இல்லை. கையில் ஐந்துதான் இருந்தபோது, எதிரே ஐயாயிரம் பேர் பசியோடு உட்கார்ந்திருந்தபோது. போதாது என்று எல்லோருக்கும் தெரிந்த நேரத்தில் நன்றி செலுத்துகிறார், உடனே பகிர்கிறார். "இருக்கிறதை வைத்துத் திருப்தி அடையுங்கள்" என்று சொல்லி அவர் கூட்டத்தை அனுப்பிவிடவில்லை. குருமடத்தில் இந்தப் பகுதியை மூலமொழியில் வரிவரியாகப் படித்தோம், தேர்வும் எழுதினோம். நன்றி சொல்வதற்கும் பகிர்வதற்கும் நடுவே அவர் யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை என்பது அந்த அம்மா வீட்டுப் பாயில் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

முதல் வாசகத்திலும் எலிசாவிடம் ஒருவர் முதற்பலன் அப்பங்களைக் கொண்டு வருகிறார். முதற்பலனைப் பற்றி இணைச்சட்ட நூல் 26-ஆம் அதிகாரத்தில் ஓர் அழகான சடங்கு இருக்கிறது. விளைந்ததைக் கூடையில் எடுத்துவந்து பீடத்தின் முன் வைக்க வேண்டும். வைத்துவிட்டுச் சொல்ல வேண்டியது அறுவடைப் பெருமையை அல்ல, வந்த வழியை. எங்கள் மூதாதை அலைந்து திரிந்தவன், எகிப்துக்குப் பிழைக்கப் போனவன், அங்கே நொறுக்கப்பட்டோம், கூப்பிட்டோம், கேட்டார் என்று. கழிவை மறைக்காத நன்றி அது. அதன் பிறகு அந்த விளைச்சலை லேவியரோடும் தங்களிடையே வாழும் அந்நியரோடும் சேர்ந்து கொண்டாட வேண்டும். அந்த அம்மா தலைமன்னாரில் தொடங்கியதும் இதே வரிசையில்தான். அவருக்கு யாரும் அந்த அதிகாரத்தைப் படித்துக் காட்டியதில்லை.

லேவியர் என்றதும் ஒரு செய்தி. எண்ணிக்கை நூல் 8-ஆம் அதிகாரத்தில் லேவியருக்கு 50 வயதில் ஓய்வு சொல்லப்பட்டிருக்கிறது. பாரமான வேலை வேண்டாம். கூடாரத்தில் சகோதரர்களுக்குத் துணையாக இருந்தால் போதும். ஐம்பதைத் தாண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும், திருச்சபைச் சட்டமோ பங்குத்தந்தையர் 75 வயதில்தான் பதவி விலகல் கடிதம் தரச் சொல்கிறது! விளையாட்டு இருக்கட்டும். ஓய்வு பெற்ற லேவியர் கூடாரத்தை விட்டு வெளியே அனுப்பப்படவில்லை. எங்களுக்கும் சொந்த வீடு கிடையாது. மாற்றல் கடிதம் வந்தால் இரண்டு பெட்டியோடு கிளம்புகிறோம். ஆனால் கடைசிக் காலத்தில் மறைமாவட்டம் எங்களுக்கு ஓர் அறை வைத்திருக்கும். அந்த உறுதியில் நின்றுகொண்டு, உறுதி இல்லாத ஒருவரிடம் விரல்விட்டு எண்ணச் சொன்னோம்.

அதனால் நாங்கள் செய்தது, பாயில் கிடந்த தாள்களை அவரோடு உட்கார்ந்து எண்ணியது. ஒரு தாளில் ஞானஸ்நானப் பெயர், இன்னொன்றில் வீட்டில் கூப்பிடும் பெயர், பிறந்த ஆண்டிலும் ஒரு வருட வித்தியாசம். இந்தச் சிறு பிசகு ஒன்றே பல குடும்பங்களின் பணத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருடம் இருப்பவர்களே, இன்று மதியமே உங்கள் ஆதாரையும் வைப்புநிதிப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாரிசுதாரர் பெயரில் இறந்துபோனவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பணம் கைக்கு வந்ததும் மொத்தத்தையும் பிள்ளைகளின் கடனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகளே, கேட்காதீர்கள்.

அவர் திருமுழுக்குப் பெற்ற இலங்கைப் பங்குக்குக் கடிதம் எழுதினோம். மூன்று வாரத்தில் சான்று வந்தது. அதில் ஞானத்தாயின் பெயர் இருந்தது. அப்படி ஒருவர் இருந்தார் என்பதே அவருக்குத் தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெயரை இரண்டு முறை வாசித்தார். "எட்டு" என்றார்.

வீட்டுக் கணக்கு இன்னும் தீரவில்லை. அன்பியத்தார் குன்னூரில் ஓர் ஒற்றை அறையைப் பார்த்திருக்கிறார்கள். முன்பணத்தில் பாதியை வின்சென்ட் தே பவுல் சபையார் தருகிறார்கள். இந்தப் பங்கில் மட்டும் இந்த ஆண்டு ஓய்வு பெறுகிறவர்கள் அவரோடு நின்றுவிடப் போவதில்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகளும், ஆள் இல்லாத மேல்மாடிகளும் வைத்திருப்பவர்கள் நம்மில் சிலர் இருக்கிறோம். அவர்கள் திருப்பலி முடிந்ததும் அறைவீட்டுப் பக்கம் ஒரு நடை வந்தால் பேசலாம்.

வருகிற புதன்கிழமை அவருக்குக் கடைசிப் பெரட்டு. நேற்று முன்தினம் சான்றைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அந்த வீட்டுக்கு அடுத்து வரப்போகிறவர்கள் வந்திருந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த இளம் தம்பதியர், கைக்குழந்தையோடு. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்பார்களே, அவர்கள்தான். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இந்தி தெரியாது. இடுப்பில் படங்கை எப்படி இறுக்கிக் கட்டினால் ஈரம் ஏறாது என்று கட்டிக் காட்டிக்கொண்டிருந்தார் அம்மா. பிறகு பந்தலுக்குக் கூட்டிப்போய், பிஞ்சு எது, பறிக்கும் பதம் எது என்று நகத்தால் கிள்ளிக் காட்டினார். ஒரு பழைய கம்பளி மட்டும் மடித்துத் திண்ணையில் இருந்தது. அது யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.