சூடு உள்ளே இறங்கும் முன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



லேசரைப் பத்திப் பேசச் சொன்னார்கள். நான் காடாம்புலியூர்க்காரன், முந்திரிக்கொட்டையிலிருந்துதான் ஆரம்பிக்க முடியும். கொட்டையை வறுக்கும்போது மேல் ஓடு எண்ணெயோடு தீப்பிடித்து எரியணும். உள்ளே பருப்புக்குச் சூடு ஏறக்கூடாது. கொஞ்சம் அசந்தால் பருப்பு கருகிடும். எங்க அம்மா நெருப்பைவிட நேரத்தைத்தான் கவனிப்பார்.

வேலைக்குப் போனதும் இதை நான் மறந்துவிட்டேன். மெல்லிய எவர்சில்வர் தகட்டில் தலைமுடி நுழையும் அளவுக்குத் துளை போடணும். கையில் இருந்தது நானோ செகண்டு லேசர். துளை விழுந்தது, ஆனால் உருகிய உலோகம் விளிம்பில் வழிந்து பிசிறாக உறைந்து நின்றது. "பவரைக் கூட்டுப்பா" என்றார்கள், கூட்டினேன். இன்னும் மோசம். ஒரு பெட்டி தகடு அப்படியே திரும்பி வந்தது. அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலை.

ஒரு விநாடியை 100 கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு நானோ செகண்டு. நமக்கு அது நேரமே இல்லை, உலோகத்துக்கோ தாராளம். ஒளியை முதலில் வாங்குவது மேற்பரப்பில் உள்ள எலக்ட்ரான்கள். அவை அணுக்களுக்குச் சூட்டைக் கைமாற்றச் சில பிக்கோ செகண்டு போதும். அதாவது நானோ செகண்டில் ஆயிரத்தில் சில பங்கு. ஆகவே லேசர் துடிப்பு முடியும் முன்பே சூடு சுற்றிலும் பரவி உருக்கிவிடுகிறது.

பிக்கோ செகண்டிலும் ஆயிரத்தில் ஒன்று ஃபெம்டோ செகண்டு. 100 ஃபெம்டோ செகண்டில் ஒளியே 0.03 மில்லிமீட்டர்தான் நகரும். எலக்ட்ரான்கள் பல்லாயிரம் டிகிரிக்குக் கொதிக்கும்; அணுக்களுக்குச் சேதி போகும் முன் ஒளி நின்றுவிடும். பிறகு மொத்தச் சூடும் வந்து விழுவதால், நானோமீட்டர் கணக்கில் ஒரு மெல்லிய படலம் மட்டும் ஆவியும் துகளுமாகத் தெறித்துப் போகும். பெரும்பகுதிச் சூட்டை அதுவே கொண்டுபோய்விடும். அடித்தகட்டுக்குச் சேதம் மிகக் குறைவு.

இதைக் 'குளிர் வெட்டு' என்று விளம்பரம் செய்வார்கள். முழுசா நம்பாதீங்க. துடிப்புகளை ஒரே இடத்தில் மிக வேகமாக அடுக்கினால் சூடு சேர்ந்து பழைய பிசிறே வரும். ஒரு துடிப்புக்குப் பெயர்வது கொஞ்சம்தான், பொறுமை வேணும்.

இவ்வளவு குறுகிய துடிப்பைப் பெருக்கினால் பெருக்கும் கருவியே சேதமாகும். முதலில் நீட்டி, பெருக்கி, பிறகு சுருக்கும் வழியை 1985-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூருவும் காட்டினார்கள். 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1985-இல் அந்த அம்மையார் ஆராய்ச்சி மாணவி என்பதைத் தங்கைகள் கவனிக்கணும்.

நம் நாட்டிலும் நடக்கிறது. மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் ஜி. ரவீந்திர குமார் குழு இத்தகைய கடுந்துடிப்புகள் திடப்பொருளில் விழும்போது நடப்பதை ஆராய்ந்திருக்கிறது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் வெள்ளி, தங்கம் போன்றவற்றைத் திரவத்துக்குள் வைத்துச் செதுக்கி, பெயர்ந்த நுண்துகள்களை வெடிமருந்துத் தடயம் கண்டுபிடிக்கப் பயன்படுத்துகிறார்கள். முந்திரி ஓட்டை நாம் எறிந்துவிடுகிறோமா? எண்ணெய் எடுக்கிறோமே!

இரண்டு லேசரிலும் துளையிட்ட தகடு ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. இயற்பியல் துறை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். இடப்பக்கத் துளைதான் நான் பவரைக் கூட்டியது. பிசிறு கையைக் கிழிக்கும், ஜாக்கிரதை.