ஏவல் இல்லாத தலைமை



பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்குப் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம், வரவு செலவுக் கணக்கு வாசித்தாகிவிட்டது, காப்பியும் வழங்கியாகிவிட்டது. "வரும் ஆண்டுக்குச் செயலாளர் பொறுப்பை ஏற்பவர் யார்?" என்று தலைவர் வினவுகிறார். அவையில் மௌனம். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னொருவர் குழந்தையைத் தேடிப் போகிறார். நாம் வாழும் நகரிலும் சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாறே நிகழ்ந்தது. தலை குனிந்து அமர்ந்திருந்தவர்களுள் நாமும் இருந்தோம். நின்று தோற்றால் ஊரார் நகைப்பரே என்பது ஓர் அச்சம். வென்றுவிட்டால் உழைக்க வேண்டுமே என்பது மற்றோர் அச்சம். முடிவில், எழுபது வயதைக் கடந்த பழைய செயலாளரே சுமையை மீண்டும் ஏற்றார். அவரால் இயலாமல், குழந்தைகளின் தமிழ் வகுப்பு அவ்வாண்டு நின்றுபோயிற்று.

அவ்விரு அச்சங்களையும் ஆராய்வதற்கு வேறொரு தேர்தல் நமக்குத் துணை செய்கிறது. அது கணிப்பொறிக்கான மென்பொருளை ஆக்குவோர் தம்முள் நடத்தும் தேர்தல். சாம்பார்ப் பொடி விற்கும் கடைக்காரர் அதன் செய்முறையை வெளியிடுவதில்லை. மென்பொருள் நிறுவனங்கள் பலவும் அவ்வாறே தம் மூலநிரலை மறைத்து வைக்கின்றன. செய்முறையையும் உடன் அளித்து, படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவோரும் இருக்கின்றனர். அவர்கள் ஆக்குவதையே கட்டற்ற மென்பொருள் என்கிறோம்.

அத்தகைய கூட்டுறவுகளுள் பழமையானதொன்று டெபியன். 1993 ஆகஸ்டு மாதத்தில் இயன் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் இதனைத் தொடங்கினார். 2023-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்பில் 64,000-க்கு மேற்பட்ட மென்பொருள் தொகுப்புகள் அடங்கியிருந்தன. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயக்குதளமும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதே. டெபியனைக் கணிப்பொறியில் நிறுவும்போது திரையில் தோன்றும் வாசகங்களைத் தமிழிலும் படிக்கலாம்.

உலகெங்கும் பரவியுள்ள ஏறத்தாழ 1,000 உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். 1998-இல் ஏற்கப்பட்ட அமைப்புச் சட்டம் ஒன்று அவர்களுக்கு உண்டு. அதன்படி, விரும்புவோர் தம் பெயரைத் தாமே முன்மொழிய ஒரு வாரம். தம் கொள்கையை எழுதி வெளியிட்டு, உறுப்பினர்களின் வினாக்களுக்கு விடையிறுக்க மூன்று வாரம். வாக்களிக்க இரண்டு வாரம். வாக்காளர் எல்லா வேட்பாளரையும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். பின்னர் வேட்பாளரை இருவர் இருவராக ஒப்பிட்டு, பெரும்பாலோர் எவரை விரும்புகின்றனர் என்று கணக்கிடுவர். 'இவர்களுள் எவரும் வேண்டா' என்பதும் வாக்குச் சீட்டில் இடம்பெறும். அதுவே வெல்லுமாயின் தேர்தலை மீண்டும் நடத்த வேண்டும்.

இத்துணைக் கட்டுப்பாட்டோடு தேர்ந்தெடுக்கப்படும் தலைவருக்கு உள்ள அதிகாரம் யாது? அப்பதவிக்கு ஊதியம் இல்லை. எவரையும் இன்ன வேலையைச் செய்க என்று ஏவ அவரால் இயலாது; எந்த உறுப்பினரும் வேலை செய்யக் கடமைப்பட்டவர் அல்லர் என்று அமைப்புச் சட்டமே கூறுகிறது. பல பணிகளுக்குப் பொறுப்பாளரை அவர் நியமிக்கலாம். ஆனால் அப்பொறுப்பாளர் எடுத்த முடிவைத் தள்ளிவிட முடியாது. பொதுப் பணத்தைச் செலவிட இசைவு தருதல், வெளியுலகோடு பேசுதல், பிணக்கு நேர்ந்தால் இரு சாராரையும் அழைத்துக் கேட்டல் ஆகியவை அவர் கையில் உள்ளன. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, எந்தப் பக்கம் வடம் தளர்கிறது என்று பார்த்துக் குரல் கொடுப்பாரே ஒருவர், அவருக்கு ஒப்பானவர் இத்தலைவர்.

இப்பதவிக்கும் ஒரு சோதனை வந்தது. 2019-ஆம் ஆண்டில், பெயர் கொடுப்பதற்குரிய வாரம் முழுதும் கழிந்தது, ஒருவரும் முன்வரவில்லை. நம் சங்கத்து மௌனம் உலகளாவிய ஓர் அவையில் நிலவியது என்று கொள்ளலாம். சட்டப்படி மேலும் ஒரு வாரம் நீட்டித்தனர். அதன் பின்னரே ஐவர் முன்வந்தனர். ஒருவர் பின்னர் விலகிக்கொள்ள, எஞ்சிய நால்வருள் சாம் ஹார்ட்மன் தேர்வு பெற்றார். வென்றவர் ஒருவரே, எனினும், ஏனையோர் முன்வந்திராவிடில் உறுப்பினர்களுக்குத் தெரிவு செய்யும் உரிமை வெறும் எழுத்தாகவே நின்றிருக்கும். தோற்றவர்களும் அந்தத் தேர்தலுக்கு உயிர் கொடுத்தவர்களே.

மறு ஆண்டு, 2020-இல், நம் நாட்டைச் சேர்ந்த சுருதி சந்திரன் வேட்பாளராக நின்றார். நூலகராக இருந்து இத்துறைக்கு வந்தவர் அவர். அதுவரை அத்தலைமைப் பதவியில் ஒரு பெண் அமர்ந்ததில்லை. பலதிறப்பட்டோருக்கும் அந்த அவையில் இடம் வேண்டும் என்னும் பேச்சை எழுப்புவதே தாம் நிற்பதன் முதன்மை நோக்கம் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். அத்தேர்தலில் வென்றவர் தென்னாப்பிரிக்கரான ஜோனதன் கார்ட்டர். 2021-இலும் 2024-இலும் சுருதி மீண்டும் நின்றார். அவ்விரு முறையும் வெற்றி பிறர்க்கே வாய்த்தது. ஆயினும் அவர் எழுப்பிய வினாவுக்கு ஏனைய வேட்பாளரும் விடை கூற வேண்டியதாயிற்று. அது தோல்வியின் கணக்கில் எழுதத்தக்கது அன்று.

"இவை நிரல் எழுதுவோர் காரியம், கலை பயின்ற நமக்கு இதில் என்ன இடம்?" என்று சிலர் நினைக்கக்கூடும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் அந்த ஐயம் இருந்தது. 2010-இல் டெபியன் உறுப்பினர்கள் அதற்கும் விடை கண்டனர். மென்பொருள் தொகுக்காமல் வேறு வகையில் தொண்டாற்றுவோரையும் வாக்குரிமையுள்ள உறுப்பினராக ஏற்பதென அவர்கள் வாக்கெடுத்து முடிவு செய்தனர். ஆதலின் மொழிபெயர்ப்பாளரும் அங்கே வாக்களிக்கலாம், தலைமைக்கும் நிற்கலாம்.

ஊதியத்தாலோ ஆணையாலோ நடவாத எந்த அமைப்புக்கும் இது பொருந்தும். அங்கே வேட்பாளராக நிற்பது, "உங்களோடு சேர்ந்து உழைக்க இசைவு தருவீர்களா?" என்று கேட்பதாகும். இல்லை என்ற விடை வந்தாலும், உழைப்பை எவரும் தடுக்கப் போவதில்லை. நம் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டம் தை மாதத்தில் கூடவிருக்கிறது. செயலாளர் பொறுப்புக்கு இம்முறை நம் பெயரைக் கொடுத்திருக்கிறோம். வேறொருவரும் கொடுத்திருப்பதாகக் கேள்வி. அவரே வெல்லவும் கூடும். யார் வென்றாலும், ஞாயிறுதோறும் குழந்தைகளின் தமிழ் வகுப்பை நடத்தித் தருவதாக இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.