இரவல் போன புத்தகம்

கேம்பிரிட்ஜில் சிட்னி சசெக்ஸ் கல்லூரி இருக்கிறது. அதன் நூலகத்திலிருந்து 1667-68 வாக்கில் ஒரு புத்தகம் இரவல் போனது. வாங்கிப் போனவர் கர்னல் ராபர்ட் வால்போல். பிரிட்டனின் முதல் பிரதமருடைய அப்பா. புத்தகம் திரும்பி வர 288 வருஷம் ஆனது! வரலாற்றுப் பேராசிரியர் ஜான் பிளம், ஒரு பிரபுவின் வீட்டு நூலகத்தில் கண்டெடுத்துத் திருப்பிச் சேர்த்தார். கல்லூரி அபராதம் கேட்கவில்லை.

அபராதம் கிடக்கட்டும். அத்தனை வருஷமும் தேடி வந்த எவருக்கும் அது கிடைத்திருக்காதே, அதுதான் நஷ்டம்.

பல பாடநூல்களுக்கு நூலகத்தில் ஒன்றிரண்டு பிரதிதான் இருக்கும். பரீட்சை நேரத்தில் அது ஒருவருடைய கட்டிலுக்கடியில் கிடந்தால் வகுப்பே தவிக்கும். இரவல் போன இட்லித் தட்டு தீபாவளி காலையில் வீட்டில் இல்லாத கதைதான்.

ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகம் 2019இல் சாதாரண தாமத அபராதத்தையே எடுத்துவிட்டது. மாணவர்களுக்கு அது வீண் மன உளைச்சல் என்பது காரணம். நல்ல முடிவு. ஆனால் அபராதம் இல்லாவிட்டாலும் புத்தகம் நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும்.

விடுதிப் பிள்ளைகளே, ஊருக்குப் பெட்டி கட்டும் முன் புத்தகத்தில் ஒட்டிய தேதித் தாளைப் பாருங்கள். கடைசி முத்திரையைப் பாருங்கள். இன்னும் படிக்க வேண்டுமா? வேறு யாரும் கேட்டு வைக்காவிட்டால், பெரும்பாலான நூலகங்களில் புதுப்பித்துத் தருவார்கள்.