மடியில் குழந்தை, கடலுக்கு அப்பால் பாட்டி

பேரக்குழந்தையின் முகத்தைப் படத்தில் மட்டுமே கண்டு மனம் ஆறாமல் சிங்கப்பூரில் காத்திருக்கும் பாட்டியாரிடம், ஆறு மாதச் சிசுவைச் சென்னையிலிருந்து எடுத்துச் செல்லும் விமானப் பிரயாணம் ஏறத்தாழ 4 மணி நேரந்தான் என்றாலும், தாயின் நெஞ்சில் அது பெரியதொரு யாத்திரையாகவே கனக்கிறது.

மடிக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் அவசியம். அதை முன்கூட்டியே வாங்கிவிடுவது உத்தமம்.

விமானம் கீழிறங்குகையில் குழந்தை வீறிட்டு அழுவது பிடிவாதத்தினால் அன்று. உள்ளே காற்றழுத்தம் உயரும் வேகத்திற்கு, தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் நுண்ணிய குழாய் ஈடுகொடுக்க இயலாமையால், செவிப்பறை உள்நோக்கி இழுபட்டு வேதனை உண்டாகிறது. விழுங்கும்போது அக்குழாய் திறந்துகொள்ளும் ஆதலால், இறங்கப் போவதாக அறிவிப்பு வந்தவுடனே தாய்ப்பாலோ புட்டிப்பாலோ புகட்டத் தொடங்கினால் அவ்வேதனை பெரிதும் தணியும். அயர்ந்து உறங்கும் குழந்தையை, பாவம், இதற்காக எழுப்ப மனம் வராதுதான். எனினும் எழுப்புவதே நலம்.

சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இங்கே இரவு 8 மணிக்கு உறங்கும் குழந்தை, முதல் சில நாட்கள் அங்கே பத்தரை மணிக்குத்தான் கண்ணயரும். அதுவரை அதைத் தோளில் சாய்த்துத் தாலாட்டும் பாக்கியத்தைப் பாட்டியாருக்கே விட்டுவிடுங்கள். அவர் இத்தனை மாதங்கள் காத்திருந்தது அதற்காகத்தானே!