எந்த ஊர் என்று கேட்டால்

(மறையூர்க் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உங்களுக்கு எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் நம் பெரியவர்கள் கயத்தாறு, கோவில்பட்டி, போடி, உடுமலை என்று சொல்கிறார்கள். பிள்ளைகளோ மறையூர், மூணாறு என்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு பதில். இதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

இந்த மலையில் தமிழ் ஒலிப்பது நேற்றைய சங்கதி அல்ல. மறையூர், காந்தளூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி என்னும் அஞ்சுநாட்டு மக்கள், தங்கள் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து வந்ததாகச் சொல்லி வருகிறார்கள். முதுவர்களும் மதுரையிலிருந்து வந்த கதையைத்தான் சொல்கிறார்கள். 1877ல் கண்ணன் தேவன் மலைகள் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து வெள்ளைக்காரர் கைக்குப் போயின. பிறகு கங்காணிமார் நம் பாட்டன்மாரை மலையேற்றினார்கள். ஆக, வந்தவர்கள் என்றால் எல்லோருமே வந்தவர்கள்தாம். முந்தி வந்தவர், பிந்தி வந்தவர் என்பதே வித்தியாசம்.

ஆனால் அந்த வித்தியாசம் நம்மை எவ்வளவு பாதித்தது என்று பாருங்கள். தமிழர் பெரும்பான்மையாக இருந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1955ல் மாநிலப் புனரமைப்புக் கமிஷன் அதை ஏற்கவில்லை. தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்களை வைத்து எல்லையைத் தீர்மானிக்க முடியாது என்பது அதன் வாதங்களில் ஒன்று. 1956 நவம்பர் 1ல் நாம் கேரளத்தில் இருந்தோம். எல்லைச் சண்டையை மீண்டும் கிளப்புவது நம் நோக்கமல்ல. வந்து போகிறவர்கள் என்ற அந்தப் பேச்சைத்தான் நாம் மறுக்கிறோம்.

அந்தப் பேச்சு இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் லயம். வேலை இருக்கும்வரை லயத்து வீடு நமக்கு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும்; இல்லையேல் பிள்ளை ஒருவர் தேயிலைக் காட்டில் பெயர் கொடுக்க வேண்டும். மூன்று தலைமுறை உழைத்தவனுக்கு ஒரு சென்ட் நிலம் இல்லை என்றால் அவனுக்கு ஊர் எங்கிருந்து வரும்? 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு மூண்டபோது இடுக்கித் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் தேனிப் பக்கம் இறங்கி ஓடின. சொந்த மண் என்ற உறுதி இருந்தால் அப்படி ஓட வேண்டியிருக்குமா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் போயின. அவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. அவர்களை அடக்கம் செய்தது ராஜமலையில். நம் பிள்ளைகள் பிறந்தது இங்கே, நம் இறந்தவர்கள் உறங்குவது இங்கே. இதற்கு மேல் என்ன பட்டா வேண்டும்?

ஆனாலும் சர்க்காருக்குக் காகிதம் வேண்டும். தேவிகுளம் தனித் தொகுதியில் 2021ல் வென்ற ஆ. ராஜாவின் தேர்தலை 2023ல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, தேர்தல் செல்லும் என்றது. அவருடைய முன்னோர் எப்போது இம்மாநிலத்தில் குடியேறினார்கள் என்ற கேள்வியும் அந்த வழக்கில் அலசப்பட்டது. சட்டமன்ற உறுப்பினருக்கே இந்தக் கேள்வி வந்தது என்றால் நம் பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கு வராதா? எனவே பாட்டன் காலத்துப் பேர்ச்சீட்டு, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று எதையும் அடுப்பில் போடாதீர்கள். நகல் எடுத்துச் சங்கத்திலும் ஒன்று கொடுங்கள்.

பிள்ளைகள் தமிழில் படிக்கட்டும். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவே சொல்கிறது. அதோடு மலையாளமும் சுத்தமாகக் கற்கட்டும். தாலுகா ஆபீசில் அடுத்தவரிடம் மனு எழுதக் கொடுத்து நிற்கும் நிலை அவர்களோடு தொடரக் கூடாது.

2015 செப்டம்பரில் மூணாற்றில் நம் பெண்கள் "பொம்பிளை ஒருமை" என்று சாலையில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்கினார்களே, அன்று கேரளம் முழுவதும் அவர்களை உற்றுப் பார்த்தது. அவர்கள் உரிமை கேட்டது தமிழில்தான். உரிமை கேட்கிறவர்களைத்தான் ஊர் தன் மனிதராக எண்ணும்.

ரயில் டிக்கெட்டில் புறப்படும் ஊரும் சேரும் ஊரும் மட்டுமே அச்சாகும். வாழும் ஊரை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். வீடும் நிலமும் கேட்கும் மனுவில் இன்றே கையெழுத்திடுங்கள். ஊர் என்ற இடத்தில் தயங்காமல் எழுதுங்கள்: மறையூர்.