அசன்பேயும் புத்தளத்து வாசகரும்

எகிப்து தேசத்து உயர்குடியிற் பிறந்த குழந்தையொன்று பெற்றோரைப் பிரிந்து பம்பாயில் வளர்கின்றது. அக்குழந்தை வாலிபனாகிக் கல்கத்தா சென்று, இடர் பல கடந்து, ஈற்றில் தாய்நாடு மீண்டு பெற்றோரை அடைகின்றான். கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' கூறும் கதை இது. ஈழத்தில் எழுந்த முதல் தமிழ் நாவலாக இதனைக் கொள்வர்.

புத்தளக் கரையோர வாசகர் சிலர் இந்நாவலைக் கூடிப் படிப்பரேல், அவர்தம் கருத்துக்கள் எவ்வாறு அமையும்?

இளைஞர் ஒருவர் நகைப்பார். "ஒருவன் வாழ்வில் இத்தனை தற்செயல்கள் நேருமோ?" என வினவுவார். முதியவரோ அதனை ஏற்கமாட்டார். 1344இல் இலங்கை வந்த இபுனு பதூதா, தாம் இறங்கிய பத்தாலா என்னும் துறையின் கரையில், வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் குன்றுகள் போற் குவிந்து கிடந்ததாகக் கூறினார். அத்துறை புத்தளமே என்பது அறிஞர் கருத்து. கடலோரத்தார்க்கு வியத்தகு கதைகள் புதியனவல்ல என்பார் முதியவர்.

ஆசிரியர் ஒருவர் வேறொரு குறை காண்பார். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இலேயே இலங்கை ஊர்களை அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் நூலொன்று வெளியிட்டார். அதற்கு அரை நூற்றாண்டின் பின் எழுந்த நாவலின் களமோ இலங்கையன்று. இஃது ஏன்? ஆங்கிலேயரை எதிர்த்த எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அவரோடு சித்திலெப்பை நெருங்கிப் பழகினார். ஆதலின் எகிப்து அவர்க்குத் தொலைதேசமாகத் தோன்றாதிருந்திருக்கலாம்.

இவற்றையெல்லாம் கேட்டிருக்கும் பெண்மணி ஒருவர் இறுதியிலேயே வாய் திறப்பார். அவர் மன்னாரிற் பிறந்தவர். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வெளியேற்றப்பட்டோருள் மிகப் பலர்க்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று. போர் முடிந்த 2009இன் பின் சிலர் மீண்டனர். பலர் இங்கேயே வேரூன்றினர்.

"அசன் திரும்பிச் சென்றபோது அவனுக்கு வீடும் இருந்தது, காத்திருக்கப் பெற்றோரும் இருந்தனர். எங்கள் வளவில் பற்றையே இருந்தது" என்பார் அவர். ஆயினும் நூலை மூடிவைக்க அவர்க்கு மனம் வராது. அசன் தாயைக் காணும் பகுதியை மீண்டும் ஒருமுறை படிக்குமாறு கேட்பார்.

அப்போது அந்த இளைஞரும் நகைக்கமாட்டார். நடவாதது என அவர் தள்ளிய முடிவு, வேறொருவர் நடக்கவேண்டுமென நெடுநாள் விரும்பிய முடிவன்றோ?