முழக்கம் போதாது, உரையாடல் வேண்டும்

(ஒன்றிய அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் ஜூன் 26, சர்வதேசப் போதைப்பொருள் ஒழிப்பு நாளில் உறுதிமொழி எடுக்கிறோம். கட்டுரைப் போட்டி நடத்துகிறோம். திருத்தும்போது பார்த்தால் எல்லா நோட்டிலும் ஒரே கட்டுரை: முன்னுரை, தீமைகள், முடிவுரை. மாணவன் பார்த்தது எதுவும் அதில் இருக்காது.

நான் பணிபுரிவது ஒரகடம் பகுதியில். இரவு ஷிப்ட் முடித்த அப்பா பகலில் உறங்குவார். அம்மா விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். பள்ளி விட்டபின் பிள்ளை யாருடன் இருக்கிறான் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில் 'எங்கள் வீட்டில் சம்பள நாள்' என்று எழுதச் சொன்னேன். அப்பா குடித்துவிட்டு வரும் இரவில், தங்கையை மாடிக்கு அழைத்துப்போய்க் கதை சொல்வதாக ஒரு மாணவன் எழுதியிருந்தான். நன்றாக இருக்கிறதே என்று வகுப்பில் வாசித்துவிட்டேன். மூன்று நாள் அவன் வரவில்லை. வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்ட பிறகே வந்தான். தவறு என்னுடையது.

அதன்பிறகு சொந்த வீட்டைப் பற்றி எழுதச் சொல்வதில்லை. ஒரு சூழலைக் கொடுக்கிறேன்: 'பெட்டிக்கடைக்குப் பின்னால் நண்பன் உன்னை அழைக்கிறான். உதட்டுக்கடியில் வைக்கும் புகையிலைப் பொட்டலத்தை நீட்டுகிறான். இருவர் பேசுவதையும் எழுது.' பெயர்கள் கற்பனையாக இருக்க வேண்டும். தாளை மடித்துக் கொடுத்தால் நான் மட்டுமே படிப்பேன். எதையும் அனுமதியின்றி வாசிப்பதில்லை. யாராவது ஆபத்தில் இருப்பது தெரிந்தால் மட்டும் தலைமையாசிரியரிடம் சொல்வேன் என்பதையும் முன்கூட்டியே கூறிவிடுகிறேன். குழந்தைகள் உதவி எண் 1098, போதை மீட்பு உதவி எண் 14446 இரண்டும் கரும்பலகையில் இருக்கும்.

அடுத்தது கடிதம். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். சிறாருக்குப் போதைப்பொருள் கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை என்கிறது 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம். இவற்றைச் சொல்லி, விண்ணப்பம் எழுதப் பழக்கலாம். தேர்வுக்கும் உதவும். ஆனால் புகார் அனுப்புவது பள்ளியின் பொறுப்பு. மாணவன் பெயரில் எதுவும் போகக் கூடாது.

ஒரு மாணவன் எழுதிய உரையாடலை, அவன் அனுமதியோடு சொல்கிறேன். நண்பன் பொட்டலத்தை நீட்டுகிறான். இவன் சொல்கிறான்: "வேணாம்டா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீயும் வா, போலாம்."

நட்பும் முறியவில்லை, இவனும் தப்பினான், நண்பனையும் அழைத்துக்கொண்டான். நாம் எழுதிக்கொடுத்த எந்த முழக்கத்திலும் இந்தப் பதில் இல்லை. அவன் வாயில் அது நாளை தானாக வரும், ஏனென்றால் ஒருமுறை அவனே எழுதிப் பார்த்துவிட்டான்.